கேட்காத சம்மதம்

ஜவ்பர் முடியாதென்று சொல்லிவிட்டதாகச் சுல்பா தொலைபேசியில் சொன்னாள். உண்மையில் அவள் ஜவ்பரோடு ஒரு வார்த்தை கதைத்தே இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

பொய் அவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்துவிடும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. புத்தளத்துக்குக் கிட்ட, கனமூலையில் அப்போது காலை; கனடாவில் முபாரிஸுக்கு முந்தின நாள் இரவு. வேலை விட்டு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அவன் வழக்கமாக அழைப்பு எடுப்பான். அன்றைக்கும் சுகம் விசாரித்துவிட்டு, "ஜவ்பரிட்ட கேட்டீங்களா? என்ன சொன்னார்?" என்று கேட்டான்.

சுல்பா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலைப் பார்த்தபடி, "கேட்டன். புள்ளய விட மாட்டாராம்" என்றாள்.



"கோவமாச் சொன்னாரா?"

"இல்ல. ஏலாது எண்டு மட்டும் சொன்னார்."

"அவரச் சொல்லியும் குத்தமில்ல" என்றான் முபாரிஸ். "அவருக்கும் இரிக்கிறது ஒரு புள்ளதானே."

அவன் ஜவ்பரைத் திட்டியிருந்தால் சுல்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முபாரிஸ் அவளுடைய இரண்டாவது கணவன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் கைக்குழந்தையாகப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவன். வளர்ந்து கனடாவுக்குப் போய் அங்கேயே பிரஜையுமானான். முதல் மனைவி நோயில் மௌத்தான பிறகு, போன வருடம் ஊருக்கு வந்து சுல்பாவை நிக்காஹ் செய்தான். அஸ்கா என்று எட்டு வயதில் அவளுக்கொரு மகள் இருப்பது தெரிந்துதான் செய்தான். திரும்பிப் போகும்போது அஸ்காவின் தலையைத் தடவி, "ஒனக்கு அங்க ஸ்கூல் பாத்து வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாகனம் ஏறினான்.

மனைவியைக் கூப்பிடும் விண்ணப்பத்தில் பிள்ளையையும் சேர்த்து அழைப்பதென்றால், பிள்ளையைப் பெற்ற தகப்பன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழ்கள், நிக்காஹ் பதிவு, காதி நீதிமன்றத் தீர்ப்பு, பொலிஸ் நற்சான்று, கல்யாணப் படங்கள் என்று மற்ற எல்லாவற்றையும் சுல்பா மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கும் பதிவாளரிடமும் அலைந்து சேர்த்துவிட்டாள். அந்த ஒரு கடதாசிதான் மிச்சம்.

அஸ்காவின் வாப்பா ஜவ்பர் ஒன்றும் தொலைதூரத்தில் இல்லை. வண்ணாத்திவில்லில் இருந்தான். புத்தளத்துக்குப் போய் இன்னொரு பஸ் மாறினால் பகல் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவன் முன்பு உப்பு லொறி ஓட்டினான். ஒரு மழை நாளில் லொறி புரண்டு, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புத்தளம் ஆஸ்பத்திரி, பிறகு கொழும்பு என்று மாதக்கணக்கில் கிடந்தான். முதலில் சுல்பா பக்கத்திலேயேதான் இருந்தாள். காயம் ஆறியது; அவன் ஆறவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தான். வீட்டில் அரிசி இருக்கிறதா என்றுகூடக் கேட்கமாட்டான். ஒருநாள் அவளுக்கு மூத்தவள், ராத்தா ஜெமீலா வந்து, "ஒனக்கு முப்பது வயசுகூட ஆகல்ல. இப்பிடியே இரிந்து கெழவியாகப் போறியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி சுல்பாவின் மனதுக்குள் ஏற்கெனவே இருந்ததுதான். செலவுக்குத் தராத கணவன் என்று காதியாரிடம் பஸஹ் விவாகரத்துக் கேட்டு மனுக் கொடுத்தாள்.

விசாரணைக்கு ஜவ்பர் ஊன்றுகோல்களோடு வந்தான். காதியார் கேட்டபோது, "அவ சொல்றது சரிதான். எனக்குச் செலவு குடுக்க ஏலாமத்தான் இரிக்கு" என்று மட்டும் சொன்னான். மறுத்து வாதாடியிருந்தால் வழக்கு இழுபட்டிருக்கும். அவன் வாதாடவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் அவன் பொய்க்கால் பொருத்திக்கொண்டு, வண்ணாத்திவில்லுச் சந்தியில் தண்ணீர் மோட்டர் திருத்தும் கடையொன்றும் போட்டுவிட்டான் என்று ஆட்கள் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று சுல்பாவுக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, முடிந்தபோதெல்லாம் அவன் மகளைப் பார்க்க வருவான். வாசலிலேயே கதிரை போட்டு இருந்து கதைத்துவிட்டுப் போவான். அவன் போகும்வரை சுல்பா அறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

அந்த மனிதனின் முன்னால் போய் நின்று பிள்ளையையும் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? இதுதான் காரணம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. யாரும் தன்னை அறியாத ஓர் ஊரில், ஒருவருக்கும் உம்மாவாக இல்லாமல், கல்யாணமான புதுப் பெண்ணாக மட்டும் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஜெமீலாவுக்குப் பிள்ளையில்லை. அஸ்கா என்றால் உயிர். "நீ போ, புள்ள எனக்கிட்ட இரிக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எல்லாம் தோதாக அமைந்திருக்கும்போது பொய்க்கு வேலை வைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால், "புள்ளய இப்ப கூட்டிட்டு வரல்ல" என்று முபாரிஸிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஜவ்பரின் மேல் போடுவது லேசாக இருந்தது.

அந்த வாரத்திலேயே முபாரிஸ் திரும்ப எடுத்தான்.

"வக்கீலிட்ட கதைச்சன், சுல்பா. புள்ள இப்ப வராட்டியும் விண்ணப்பத்தில பேரு போட்டே ஆகணுமாம். மெடிக்கலும் எடுக்கணும். இல்லாட்டி பொறகு எப்பவும் கூப்பிட ஏலாமப் போயிரும் எண்டு சொல்றார். மத்தது, தகப்பனிட்ட கேட்டது, அவர் மறுத்தது எண்டு நீங்க ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு அனுப்புங்க."

"சத்தியக் கடதாசியா?"

"ஓம். ஜே.பி. ஒராளுக்கு முன்னால ஒப்பம் வைக்கணும். ஏன், கஷ்டமா?"

"இல்ல. அனுப்புறன்."

புத்தளம் நகரில் ஜூலியானா டீச்சர் ஜே.பி. எனப்படும் சமாதான நீதவானாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். ஓய்வுபெற்ற பிறகு வீட்டு முன் அறையில் மேசையும் கணினியும் வைத்து வேலை செய்தார். அஸ்காவுக்குப் பாஸ்போர்ட் படமும் எடுக்க வேண்டியிருந்ததால் சுல்பா மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். படம் பிடிக்கும் கடையில் அஸ்கா காது தெரிய ஸ்கார்ஃபை ஒதுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி இருந்தாள். "சிரிக்கக் கூடாதாம் உம்மா" என்று வெளியே வந்து சொன்னாள். அவளுக்கு இதெல்லாம், தான் விமானம் ஏறுவதற்கான ஏற்பாடாகவே தெரிந்தது.

ஜூலியானா டீச்சர் சுல்பா சொல்லச் சொல்ல எழுதி, அச்செடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வாசிச்சுக் காட்டாம நான் ஒப்பம் வாங்கமாட்டன், மகள். கவனமாக் கேளுங்க."

"புள்ள வெளிய இரிக்கட்டும்" என்றாள் சுல்பா.

அஸ்கா எழுந்து விறாந்தைக்குப் போனாள். ஆனால் கதவு திறந்துதான் கிடந்தது. டீச்சருக்கு வகுப்பறையில் பழகிய குரல்.

"இஸ்லாமிய சமயத்தைச் சேர்ந்த நான் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதியளிப்பது யாதெனில்..." என்று தொடங்கியவர் வரிவரியாகப் போனார். "எனது மகள் என்னுடன் கனடா செல்வதற்கு அவளது தந்தையாகிய ஜவ்பரிடம் நான் நேரில் சம்மதம் கோரினேன் என்பதையும், அவர் அதனை மறுத்துவிட்டார் என்பதையும்..."

சுல்பா திரும்பிப் பார்த்தாள். அஸ்கா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, வாப்பாவா வேணாம் எண்டு சொன்னவர்?"

டீச்சர் வாசிப்பை நிறுத்தினார். அந்த இடத்தில் சுல்பா இல்லையென்று சொல்லியிருக்கலாம். கடதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டு எழும்பி வந்திருக்கலாம்.

"ஓம் மகள்" என்றாள்.

பிறகு பேனையை வாங்கி ஒப்பம் வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், மதுரங்குளி வரைக்கும், அஸ்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். சுல்பா சாப்பிட ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அது பொதியிலேயே கிடந்தது. பஸ்ஸில் இருந்தபடியே சத்தியக் கடதாசியைப் படம் பிடித்து முபாரிஸுக்கு அனுப்பினாள். கெதியாக அனுப்பிவிட்டால் அது தன் கையை விட்டுப் போய்விடும் என்று நினைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜவ்பர் வந்தான். ஒரு கையில் தடி, மறு கையில் அவித்த கச்சான் கடலைப் பை. வழமையாக அவன் படலையைத் திறக்கும் சத்தத்துக்கே அஸ்கா ஓடிப்போய்விடுவாள். அன்று அவள் ஓடவில்லை. ஜெமீலா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகு போய், கதிரைக்கு எட்டத்தில் நின்றாள். சுல்பா அறைக்குள் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன மகள், கிட்ட வாங்களன். வாப்பாவோட கோவமா?"

அஸ்கா பையை வாங்கவில்லை.

"நீங்கதானே நான் உம்மாவோட போக ஏலா எண்டு சொன்னீங்க. டீச்சர் வாசிச்சவ. நான் கேட்டன்."

ஜவ்பர் விளங்காமல் பிள்ளையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். சீலைக்குப் பின்னால் ஆள் நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுல்பா, இப்போது சொல்லிவிடுவான், சத்தம் போட்டு அக்கம்பக்கத்தையே கூட்டிவிடுவான் என்று காத்திருந்தாள்.

ஜவ்பர் பார்வையைக் கீழே இறக்கினான்.

"ஓம் மகள்" என்றான். "வாப்பாதான் சொன்னது. ஒங்களப் பாக்காம இரிக்க ஏலாது எண்டு ஒரு நெனப்பில சொல்லிட்டன். பிழைதான். கோவிக்காதீங்க."

அஸ்கா அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தினாள். ஜவ்பர் கச்சான் பையைக் கதிரையில் வைத்துவிட்டு, தடியை ஊன்றி எழுந்து, படலையை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

சுல்பா ஷோலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஜெமீலா பின்னாலிருந்து ஏதோ கேட்டது காதில் விழவில்லை. பொய்க்காலோடு அவனால் கெதியாக நடக்க முடியாது. பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட அவனைப் பிடித்துவிட்டாள். 

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ற?" ஜவ்பர் தென்னை மரத்தில் சாய்ந்து நின்றான். "நான் சொல்லல்ல எண்டு சொன்னா, புள்ளட உம்மா பொய்க்காரி எண்டுதானே அர்த்தம். எப்பயாவது வந்து போற மனுசன் நான். என்னோட கோவிச்சாப் பரவாயில்ல. ஒங்கள நம்பாட்டி அது எங்க போகும்?"

"நான் ஒங்கக்கிட்ட கேக்கவேயில்ல."

"ஓம். அது எனக்குத் தெரியும்தானே." அவனுக்குச் சிரிப்பும் வந்தது. அது உடனே நின்றுவிட்டது. "கேட்டிருந்தாத் தந்திருப்பன், சுல்பா."

"தருவீங்க எண்டு தெரியும்."

அவன் அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பதிலில் இருந்ததெல்லாம் அவனுக்கு விளங்கியது. பிள்ளையை விட்டுவிட்டுப் போகத்தான் இவள் நினைத்திருக்கிறாள் என்பதும் விளங்கியது. அவன் முகத்தில் கோபம் வந்தது அப்போதுதான்.

"என்ன விட்டுட்டுப் போனீங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. கால் இல்லாத ஆளோட இரிங்க எண்டு யாரச் சொல்றது? ஆனா அது ஒங்கட வயித்தில பொறந்த புள்ள. அதயும் விட்டுட்டுப் போனா அது எங்கள ரெண்டு பேரயும் என்னெண்டு நெனைக்கும்?"

சுல்பா நின்ற இடத்திலேயே அழுதாள். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். பஸ் வந்தது. ஏறப்போகும்போது ஜவ்பர், "திங்கக்கிழம நான் டவுனுக்குச் சாமான் வாங்க வருவன். எந்த டீச்சர் எண்டு சொல்லுங்க, வந்து ஒப்பம் வைக்கிறன்" என்றான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சுல்பா மகளை மடியில் இருத்தி உண்மையைச் சொன்னாள். வாப்பாவிடம் கேட்கவேயில்லை, உம்மா சொன்னது பொய் என்றாள். அஸ்கா தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அப்ப நீங்க என்ன விட்டுட்டுப் போகப் பாத்தீங்களா?"

"ஓம்" என்றாள் சுல்பா. "கொஞ்ச நாளைக்கு. பொறகு கூப்பிடத்தான்..."

அஸ்கா மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து பெரியம்மா ஜெமீலாவோடுதான் படுத்தாள். சுல்பா கூப்பிட்டால் வருவாள், சொன்னதைச் செய்வாள். தானாக வந்து மேலே விழுவதில்லை. ஜெமீலாவும் தங்கையோடு சரியாகக் கதைக்கவில்லை. பிள்ளை தன்னிடம் இருக்கப் போகிறாள் என்று அவள் அலுமாரியில் ஒரு தட்டைக்கூட ஒதுக்கி வைத்திருந்தாள்.

முபாரிஸிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் இடையில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டான்.

"நான் ஒரு கிழமையா அந்த மனுசன மனசுக்குள்ள குத்தம் சொல்லிட்டு இரிந்தன்" என்றான் கடைசியில். "என்னோட வாறது ஒங்களுக்கு விருப்பந்தானா? அத மட்டும் சொல்லுங்க."

"விருப்பம்."

"அப்ப, இனி நீங்க ஒண்டு சொன்னா நான் நம்பணுமா, வேணாமா?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் வைத்துவிட்டான். சில நாள் எடுக்கவில்லை. பிறகு ஒரு காலை, வக்கீல் அந்தக் கடதாசியை இன்னும் அனுப்பவில்லையாம், புதிதை அனுப்பச் சொல்கிறார் என்று மட்டும் எழுத்தில் அனுப்பினான். மறுநாள் பேசினான். குரலில் பழைய நெருக்கம் இல்லை, ஆனாலும் அஸ்காவின் சப்பாத்து அளவைக் கேட்டான்.

இதற்கிடையில், ஜவ்பர் சொன்ன அந்தத் திங்கட்கிழமை, ஜூலியானா டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் சுல்பாவைப் பார்த்தார். "போன கிழமை வேற மாதிரியெல்லோ ஒப்பம் வச்சீங்க."

"அது பொய், டீச்சர்."

ஜவ்பர் பக்கத்துக் கதிரையில் இருந்தான். டீச்சர் அவனையும் பார்த்தார். பழைய பிரதியை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.  புதிய கடதாசியை வழமைபோல உரத்து வாசித்தார். "எனது மகள் அவளது தாயுடன் கனடா சென்று அங்கு நிரந்தரமாக வசிப்பதற்கு எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை..."

"நிரந்தரமா எண்டா?" என்று ஜவ்பர் கேட்டான்.

"எப்பவும் எண்டு அர்த்தம், தம்பி."

"ம். தெரியும். சும்மா கேட்டன்."

அவன் பேனையைப் பிடித்து, பெயரை முழுதாக, எழுத்தெழுத்தாக எழுதினான். வெளியே வந்தபோது களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. சுல்பா, "எனக்கு மாப்புத் தாங்க" என்றாள். அவன், "வெயிலுக்க நிக்காம போங்க" என்று சொல்லிவிட்டு, மோட்டர்ச் சாமான் கடை இருந்த தெருவுக்குத் திரும்பினான். மாப்புத் தந்தானா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

விண்ணப்பம் போய்விட்டது. மெடிக்கலும் முடிந்தது. இனிக் காத்திருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சுல்பா மகளை வண்ணாத்திவில்லுக்குக் கூட்டிப் போகிறாள். கடைக்கு வெளியே வாங்குப் பலகையில் அவள் இருக்க, உள்ளே தகப்பனும் மகளும் கழற்றிப் போட்ட மோட்டரைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். அஸ்கா கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு விடாமல் கதைப்பாள். தகப்பனோடு அவளுக்கு இருந்த கோபம் ஒரு நாளோடு போய்விட்டது. தோட்டக்காரர்கள் யாராவது வந்தால், "எண்ட மகள், கனடா போகப் போறா" என்று ஜவ்பர் சொல்வான். சொல்லிவிட்டு உடனே குனிந்து வேலையைப் பார்ப்பான். அவனிடமிருந்து முதலில் தன்னை எடுத்தவள், இப்போது உண்மையைச் சொல்லி, நேர்மையாக, முறைப்படி ஒப்பமும் வாங்கி, பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று தன்னைப் பற்றியே நினைத்தபடி சுல்பா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு காலையிலும் முபாரிஸ் கேட்கிறான், ஏதும் தகவல் வந்ததா என்று. இன்னும் இல்லை என்கிறாள். சுபஹுத் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, விசா கெதியில் கிடைக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்குவாள். கெதியில் என்ற சொல் மட்டும் அவள் நாவில் வருவதில்லை.